மை விழாத இடம்

களுவாஞ்சிகுடிப் பெரிய றோட்டில்
கடைசி பஸ்ஸும் போன பிறகு
ஆறடிக்கு நாலடி வானம் ஒன்று வந்தது,
பென்டிரைவில்.
விஞ்ஞானக் கண்காட்சிக்காம்.
சுபாங்கினி ரீச்சர் முற்பணம் தந்துவிட்டுச் சொன்னார்:
"ஒண்டையும் திருத்திப்போடாத, என்ன."

திருத்துவது என் தொழில்.
சாமத்திய வீட்டுப் பிள்ளைக்குப் பருவை எடுப்பேன்.
வேட்பாளருக்குக் கழுத்து வைப்பேன்.
முப்பத்தோராம் நாளுக்கு வருகிற முகங்களை
அடையாள அட்டையிலிருந்து கிளப்பி,
கோட்டு மாட்டி,
பின்னால் ஓர் அருவியை ஓடவிடுவேன்.

படத்தைத் திறந்ததும்
கை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிற்று.
கறுப்பில் ஒரு செம்புள்ளி. தூசு.
தொட்டேன்; போயிற்று.
இன்னொன்று. போயிற்று.
மூன்றாவதைத் தொடமுன்
ஏனோ பெருப்பித்துப் பார்த்தேன்.

வழமையாய்ப் பெருப்பித்தால் முகம் உடையும்.
கண் சதுரமாகும், கன்னம் படிக்கட்டாகும்,
அதற்குமேல் ஆளில்லை.
இது உடையவில்லை.
தூசுக்குள் ஒரு சுழி இருந்தது.
வாய்க்கால் மதகடியில் தண்ணீர் சுற்றுமே, அப்படி
இரண்டு கைகளை வீசி,
நடுவில் மஞ்சள் கசிய.
அதற்குப் பின்னால் இன்னும் தூசு.

கொன்ட்ரோல் இசெட்.
கொன்ட்ரோல் இசெட்.
இரண்டு விண்மீன் திரள்கள் திரும்பி வந்தன.
அங்கே ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
எனக்குத்தான் விரல் நடுங்கிற்று.

ஒரு பக்கத்தில் சில திரள்கள் வில்லாய் வளைந்து கிடந்தன,
யாரோ மவுசால் இழுத்துக் கெடுத்ததுபோல.
ரீச்சருக்குப் போன் எடுத்தேன். நித்திரைக் குரல்.
"அது பிழையில்லை.
முன்னுக்கு நிக்கிறதுகளின்ட பாரத்தில
பின்னுக்கிருந்து வாற வெளிச்சம் வளையுது. விடு.
கூர்கூராய்க் கதிர் விரிஞ்சது மட்டும் நம்மட பக்கத்து நட்சத்திரம்.
மறுகா உள்ளதெல்லாம் திரள்தான்."
வைக்கப் போனவர், பிறகு,
"மணல் ஒண்டை விரல் நுனியில பிடிச்சு
வானத்துக்கு நீட்டிப் பார்.
அது மறைக்கிற இடம்தான் இவ்வளவும்."

கடற்கரை கூப்பிடு தூரம்.
மணலுக்குக் குறைவில்லை.

போன வருசம் செட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்.
புருசனின் அஞ்சலிப் பெனர்.
நாடியில் இருந்த மச்சத்தைப்
படத்தின் பழுதென்று துடைத்திருந்தேன்.
அழவில்லை, ஏசவில்லை.
"இது ஆரு?" என்றாள்.
மேசையில் கிடந்த மார்க்கரை எடுத்து,
நிலத்தில் விரித்த பெனரில் முழந்தாளிட்டு,
தானே வைத்தாள்
சரியாக அந்த இடத்தில்,
அளக்காமல்.

இயந்திரம் ஓடிற்று.
மாதம் முழுக்க விழும் சாவுக்குப் போதுமான கறுப்பு
ஒரே இரவில் இறங்கிற்று.
பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன்.
பதினொரு வருசம் இந்த வேலை செய்தும்
அன்றைக்குத்தான் கண்டேன்:
நட்சத்திரத்துக்கென்று இயந்திரம் ஒன்றும் செய்வதில்லை.
மை விழாமல் விட்டுவிடுகிறது.
அந்த வெள்ளை,
கொழும்பிலிருந்து லொறியில் வந்த
வெறும் பெனர்ச் சீலை.

முதல் பிரதி பழுது. துவாரமொன்று அடைத்து
வானத்துக்குக் குறுக்கே கோடு.
இரண்டாவதை விடியவே சுருட்டி
ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டு போனார் ரீச்சர்.
கோடு விழுந்ததைக் கேட்டு வாங்கினார் மீன்கடைக் குணபாலன்,
பலகைக்கு விரிக்க.

பத்து மணிபோல் அவ்வழியே போனேன்.
சூடை, கீரி, நடுவில் ஒரு பாரை.
வெட்டியதில் தெறித்த செதில்கள்
கறுப்பெல்லாம் ஒட்டி மினுங்கின.
எது அச்சு, எது செதில் என்று
எனக்கே பிடிபடவில்லை.
ஈரத்துணியோடு குனிந்தவரை
"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.
ஏன் என்பதுபோல் நிமிர்ந்தார்.
சொல்ல ஒன்றும் வரவில்லை.
அரைக் கிலோ சூடை என்றேன்.